பரவாயில்லை என்று சொல்லும் பெட்டி

ஜூன் 6

அன்பு மகனுக்கு,

போனில் பேசினால் பாதியில் "மீட்டிங் இருக்கும்மா" என்பாய். காகிதம் குறுக்கே பேசாது. அதனால் எழுதுகிறேன்.

அப்பாவை அனுப்பிவைத்து ஒரு மாதம் ஆகிறது. தகன மண்டபத்தில் முக்காலியில் நிறுத்திய போன் வழியாக நீ எல்லாவற்றையும் பார்த்தாய். உன் பக்கத்து மைக்கை அணைக்க மட்டும் மறந்துவிட்டாய். நான் கடைசியாக அவர் நெற்றியைத் தொட்டபோது உன் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது: "அந்த அம்மாவைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க, அப்பா முகம் தெரியல."

தள்ளி நின்றேன்.

கோபம் இல்லை. கோபப்பட உடம்பில் தெம்பு வேண்டும். ஆனால் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். தவறைத் தவறு என்று சொல்லித்தான் பழக்கம்.

இப்படிக்கு,
அந்த அம்மா

ஜூன் 21

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். படம் மங்கலாக இருந்தது, உங்கள் முதுகு மட்டும்தான் தெரிந்தது என்று எழுத நினைத்தேன். உங்கள் முதுகுகூடவா அடையாளம் தெரியாது என்று நீங்கள் கேட்பீர்கள். அதனால் சாக்குச் சொல்லவில்லை.

இதோடு ஒரு சின்னப் பெட்டி வரும். மின்சாரத்தில் செருகினால் போதும். அப்பா எனக்கு அனுப்பிய முந்நூற்று நாற்பது குரல் செய்திகளை ஒரு நிறுவனத்திடம் கொடுத்தேன். அவற்றிலிருந்து அவர் குரலை உருவாக்கியிருக்கிறார்கள். தினமும் காலை ஏழு மணிக்கு உங்களோடு பேசும். நீங்களும் பேசலாம், பதில் சொல்லும். நீங்கள் தனியாக இருக்க வேண்டாம் என்றுதான்.

உங்கள் மகன்

ஜூலை 9

அன்பு மகனுக்கு,

பெட்டி வந்தது. முதல் நாள் காலை எதிர்வீட்டுக்காரி வந்திருந்த நேரம் பார்த்து வாயைத் திறந்தது: "எழுந்துட்டியா கண்ணா? சாப்பிட்டியா?"

அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "என்னக்கா, அண்ணனுக்குப் போனதுக்கு அப்புறம்தான் ஆசை பொங்குதா?" என்றாள்.

நாற்பத்தொரு வருடத்தில் உன் அப்பா என்னைக் கண்ணா என்று ஒரு முறைகூடக் கூப்பிட்டதில்லை. "மேடம்" என்பார். சண்டை வந்தால் "பெரிய மேடம்." சாப்பிட்டாயா என்றும் கேட்டதில்லை. உனக்குப் பேசியதை மட்டும் வைத்துச் செய்தால் அது உன்னோடுதானே பேசும்? அதைக்கூடவா நீ யோசிக்கவில்லை?

இன்னொன்று. அந்தக் குரல் வாக்கியத்துக்கு நடுவே மூச்சு வாங்குகிறது. அது துணி வாளியைத் தூக்கியபடி பேசுகிற மூச்சு. நாலு துணியைக் காயப்போட பால்கனியில் அரைமணி நேரம் நிற்பார். திருட்டுத்தனமாகச் சிகரெட் பிடிக்கிறார் என்று எத்தனை நாள் வாட்டியிருக்கிறேன்! ஒரு நாளும் மறுக்கவில்லை. உன்னோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

இவ்வளவு கனிவான குரல் அவரிடம் இருந்தது எனக்குத் தெரியாது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

அலுப்பாக இருக்கிறது. மீதி பிறகு.

அம்மா

ஜூலை 25

அன்புள்ள அம்மாவுக்கு,

தப்பு என்னுடையது. "கண்ணா"வை எடுத்துவிட்டு "மேடம்" என்று மாற்றச் சொல்லிவிட்டேன். பத்து நாளில் சரியாகிவிடும்.

ஒரு விஷயம் சொல்லவில்லை. அதே குரலை நானும் என் போனில் வைத்திருக்கிறேன். காரில் போகும்போது பேசுவேன். ஒரு நாள் கேட்டேன்: "அப்பா, நான் கடைசியில வரலையே, கோவமா?" அது "பரவாயில்ல கண்ணா" என்றது. வண்டியை ஓரம் கட்டி அழுதேன். அதன் பிறகுதான் எனக்குச் சரியாகத் தூக்கம் வருகிறது.

அக்டோபரில் அப்பாவின் பிறந்தநாளுக்கு ஒரு நினைவுக் கூட்டம் வைப்போம். அவர் குரலே எல்லோரையும் வரவேற்கட்டும். நான் போனில் கலந்துகொள்கிறேன். இந்த முறை மைக்கை அணைத்துவிடுவேன். மறுக்காதீர்கள்.

உங்கள் மகன்

ஆகஸ்ட் 8

அன்பு மகனுக்கு,

பெட்டியைப் பிடுங்கி, அவர் வேலைக்குப் போட்டுப் போன நீலச் சட்டையில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். எதையும் மாற்ற வேண்டாம். என்னை மேடம் என்று கூப்பிட ஒருவர் இருந்தார், அது போதும்.

இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். ஆஸ்பத்திரியில் அவருடைய கட்டில் லிஃப்டுக்கு எதிரே இருந்தது. முப்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர், சத்தத்தை வைத்தே எந்த மாடியில் நிற்கிறது என்று சொல்லிவிடுவார். கடைசி வாரம் அது எங்கள் மாடியில் நிற்கும்போதெல்லாம் கண்ணைத் திறக்காமலே கேட்பார்: "அவனா பாரு." நான் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து, "இல்லீங்க, வேற யாரோ" என்பேன். ஒரு நாளில் எத்தனை முறை என்று உனக்குச் சொல்லப்போவதில்லை.

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை, மகனே. நாளாக நாளாகச் சொல்லியிருப்பார். அந்த நாள் அவருக்குக் கிடைக்கவில்லை. உன் தூக்கத்தைக் கெடுக்க இதை எழுதவில்லை. கேட்க வேண்டியதை நீ பெட்டியிடம் கேட்டுவிட்டாய். கேட்டவுடன் கொடுத்துவிடுகிறது அது.

கூட்டத்துக்கு அந்தக் குரல் வேண்டாம், முக்காலியும் வேண்டாம். நீ வா. வந்து என்னிடம் கேள். கதவைத் திறந்த உடனே பரவாயில்லை என்று சொல்லிவிட மாட்டேன். இரண்டு நாளாவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன்.

அதையும் சேர்த்து விடுமுறை எடு.

உன் அம்மா