அப்பா அறைப் பட்டி

ஜூன் 3, ஜங்லிகாட்

ஹால் சுவரடியில் ஓடுகிற மரச்சட்டம் முழுக்கக் கறையான். கால் பட்டாலே உதிர்கிறது. மழைக்கு முன்பே மாற்றியிருக்க வேண்டும். தச்சு வேலை பார்க்கிற பிஸ்வாஸ் மிஸ்திரியை வரச் சொல்லிவிட்டேன். அப்பா அறையில் மட்டும் கை வைக்கக் கூடாது. அங்கே மரம் கெட்டி. பார்வை போனதிலிருந்து அவருக்கு அதுதான் வழி. பாதத்தை அதில் உரசிக்கொண்டே அறை வாசல் வரை போய்விடுவார்.

ஜூன் 5

கோயம்புத்தூரிலிருந்து தம்பி முருகானந்தம் போன். "அப்பா தனியா நடமாட முடியாட்டி இங்க அனுப்பிடுக்கா." நல்லாவே நடக்கிறார்டா என்றேன். அப்பாவும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவேன்?

ஜூன் 7

ஐயோ, என்ன காரியம் செய்து வைத்தேன்!

ஆபீஸில் இருந்தபோது பிஸ்வாஸ் கூப்பிட்டார். "தீதி, பாபா கே கம்ரே கா பட்டி பீ நிகால் தூன்?" அப்பா அறைப் பட்டியையும் எடுத்துவிடவா என்று கேட்டார். நேற்றுதான் பெயிண்டர் குணா, "அப்பா ரூம்ல பட்டி உப்பிடுச்சு, சுரண்டணும்" என்று சொல்லிப் போனார். அவர் சொன்னது சுவரில் பூசுகிற பட்டி. அதே நினைப்பில், "ஹாங், சப் நிகால் தோ", எல்லாவற்றையும் எடுத்துவிடு என்றுவிட்டேன். ஹிந்தியில் பட்டி என்றால் மரச்சட்டமல்லவா! இத்தனை வருஷம் இந்தத் தீவில் ஹிந்தி பேசி என்ன பிரயோஜனம்? வந்து பார்த்தால் அறை மொட்டை. பெயர்த்ததில் மரமெல்லாம் பிளந்து கிடக்கிறது. பிஸ்வாஸை என்ன சொல்ல, சொன்னதைச் செய்தார்.

அப்பா கட்டிலிலேயே இருக்கிறார். "சுவரு எங்கம்மா போச்சு?"

ஜூன் 8

அப்பா வெளியே வரவில்லை. பசிக்கலையாம்.

ஜூன் 11

மர மில்லில் சட்டத்துக்குப் படாக் மரம் இல்லை. பிஸ்வாஸ் "கல், கல்" என்கிறார். ஹிந்தியில் நேற்றும் கல், நாளையும் கல். எந்தக் கல்லை நம்ப?

அப்பா அலமாரியில் முட்டிக்கொண்டார். நெற்றி வீங்கிவிட்டது. நான் கை கொடுத்தால் தட்டிவிடுகிறார். சாயங்காலம் வீடியோவில் தம்பி அந்த வீக்கத்தைப் பார்த்துவிட்டான். "ஞாயித்துக்கிழமை நடந்து காட்டட்டும். இல்லாட்டி நானே வந்து கூட்டிட்டுப் போறேன்." இவன் யார் பரீட்சை வைக்க? ஆனால் அவன் கேட்டதிலும் தப்பில்லையே. சே!

ஜூன் 15

ஒருவழியாக மரம் வந்தது. மழையில் கரண்ட் போய், மரம் அறுக்கிற மெஷின் நின்று, இருட்டுவதற்குள் கட்டிலிலிருந்து வாசல் வரை ஒரே ஒரு சுவர்தான் முடிந்தது. அப்பா பிஸ்வாஸ் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு சட்டத்தையும் தடவிப் பார்த்தார்.

ஜூன் 16, ஞாயிறு

தம்பி சொன்னபடி கூப்பிட்டான். போனை அப்பா பக்கம் திருப்பினேன். அப்பா எழுந்தார். பாதம் மரத்தில் உரச, தலை நிமிர்ந்து வாசல் வரை போனார். திரும்பி நின்று, "பாத்துட்டியாடா? நான் எங்கயும் வர்றதா இல்ல" என்றார். தம்பி "சரிப்பா" என்றான்.

அப்பா வாசலில் அப்படியே நின்றார்.

"வச்சுட்டானா?"

"வச்சுட்டான்ப்பா."

"அப்பக் கையைக் குடு. பாத்ரூம் போகணும். அந்தப் பக்கம் இன்னும் மரம் அடிக்கலையே."