மஞ்சள் லக்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு வாய் வலி. பேசாமலே இருந்ததால் வந்தது. போனில் சொன்னால் நீ அழுவாய், நான் சரி சரி என்று தலையாட்டிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

ஒல்லியை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்தேன். உன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நம் பட்டறையில் வயரிங் செய்கிறவன். வலது கையில் இரண்டு விரல் இனி மடங்காதாம். நன்றாகக் கவனிக்கிறார்களா என்று கேட்டேன். "சோறுகூட ஊட்டி விடுறாங்கய்யா, ராஜா வாழ்க்கை" என்று சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மாப்பிள்ளை உனக்குச் சொன்னது வேறு, நடந்தது வேறு. ஐஸ் கம்பெனிக்கு நம் பட்டறையில் செய்த சுவிட்ச் பெட்டி அன்று மாலையே போயாக வேண்டும். வயர் முனையில் மாட்டி அழுத்துகிற லக்கில் சிவப்பு மெல்லிய வயருக்கு, மஞ்சள் தடித்த வயருக்கு. சிவப்பு தீர்ந்துவிட்டது. மாப்பிள்ளை, "வயர ரெண்டா மடிச்சு மஞ்சள்ல சொருகி அமுக்குடா, உள்ள யாரு எட்டிப் பாக்கப் போறா" என்றார். ஒல்லி, "சார், இழுத்தா கையோட வருது" என்று இழுத்தே காட்டினான். "அப்ப இழுக்காத" என்றார் மாப்பிள்ளை. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த நான் அதற்குச் சிரிக்கவும் செய்தேன்.

பத்தாம் நாள் அந்தப் பெட்டியில் புகை வருகிறது என்று கூப்பிட்டார்கள். போனவன் ஒல்லி. மூடியைத் திறந்ததும் தீ கையில் பாய்ந்துவிட்டது. விசாரணையில் மாப்பிள்ளை, அவனே அவசரத்தில் தப்பான லக்கைப் போட்டுவிட்டான் என்கிறார். அந்தப் பேச்சே நிலைத்துவிட்டால் எந்தப் பட்டறையும் அவனை உள்ளே விடாது. நாளைக்கு என்னைக் கேட்கப் போகிறார்கள்.

நீ போனில், "கவனிக்கலன்னு சொல்லிடுங்கப்பா, உங்க கண்ணு லட்சணம் எல்லாருக்கும் தெரியும்" என்றாய். வாஸ்தவம். மூக்கில் கண்ணாடியை வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடுகிற ஆள்தான் நான். அதற்காகச் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாத குருடன் என்று கையெழுத்துப் போட மனசு வரவில்லை.

நேற்று மாப்பிள்ளை, "மாமா, உங்க பொண்ணு வாழணுமா வேணாமா, நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். உட்கார நாற்காலிகூட இழுத்துப் போட்டார்.

இது உன் கைக்கு வரும் முன்பே பார்த்ததைச் சொல்லியிருப்பேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உன் அறையில் அடைத்து வைத்திருந்த என் சாமான்களை மட்டும் எடுத்துவிட்டேன். கட்டிலைத் துடைத்துப் போட்டிருக்கிறேன்.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். கோபம் தீராவிட்டால் திட்டுவதற்காவது ஒரு தடவை கூப்பிடு. குறுக்கே பேசமாட்டேன்.

உன் அப்பா