பதினாலாம் பாகம் போன இடம்

3 மார்ச் 2024, ஞாயிறு
‘அலைவாசல்’ டிவி தொடரில் மேகலையைக் கடலில் தள்ளிக் கொன்றுவிட்டார்கள். அவளைப் பிழைக்கவைத்துக் கதை எழுதும் நாற்பது பேர் நாங்கள். எங்கள் கதைகளை யாரோ தன் பெயரில் வாசித்து வீடியோ போட்டதால், பழைய முகநூல் குழுவை விட்டுப் போவதென்று முடிவு. எங்கே போவது? குழுவை நடத்தும் குருவிட்ட ஊர்க்கார ஹில்மி வாட்ஸ்அப் என்கிறார், டேட்டா குறைவாம். சிலர் கதைத் தளம் என்கிறார்கள். அங்கே புனைபெயர் போதும், போட்ட தேதியும் கதையோடு நிற்கும். எனக்கு அதுதான் நல்லது. என் கையில் இருப்பது அம்மாவும் நானும் பாவிக்கும் போன், அம்மாவின் நம்பர். ஆனாலும் வாய் திறக்கவில்லை. என்றைக்குத் திறந்தேன்?

5 மார்ச்
ஒரு வாரம் வாட்ஸ்அப்பில் பார்ப்போம் என்று ஹில்மி எல்லாரையும் சேர்த்துவிட்டார். நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில், குழந்தைகள் தூங்கிய நேரத்தில் பதினாலாம் பாகத்தை முடித்தேன். வில்லன் துறைமுக மேஸ்திரி நன்றாக வந்திருக்கிறான். வேலை விட்டதும் தண்ணி டேங்கிப் பக்கம் போய், சிக்னல் கிடைத்ததும் அனுப்பிவிட்டு ஓடி வந்தேன்.

6 மார்ச்
கர்த்தரே. கொழுந்து குரூப்புக்குப் போய்விட்டது.

நாளைக்கு எந்த மலையில் தேயிலைக் கொழுந்து எடுப்பது என்று கங்காணி இருளப்பன் மாமா போடுகிற குரூப். அவருடைய செய்தி வந்து அந்த குரூப் மேலே நின்றிருக்கிறது, பார்க்காமல் அமுக்கிவிட்டேன். எழுபது பேர் வாசித்தாச்சு. ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. அதுதான் பயம். மீசையைத் தடவுவது, இருமல், சரி சரிக்குச் சிங்களத்தில் “ஹரி ஹரி, வேலையப் பாரு” — என் மேஸ்திரி அப்படியே மாமாதான். ஏன் எழுதினேன்? புத்தி எங்கே போச்சு? கோபத்தில், கொழுந்து எடுக்கும் அம்மாவைச் செங்குத்தான மலைக்கே அனுப்பினால்? ஏற்கெனவே முழங்கால் வலி.

அம்மாவிடம் சொன்னேன். “நீயா எழுதுன?” என்றார்.

7 மார்ச்


மாலை: கொழுந்து நிறுக்கிற இடத்தில், அம்மாவோடு வேலை செய்கிற விஜயகலா அக்கா முழுக் கதையையும் சத்தமாக வாசித்தாராம். மேஸ்திரி வரும்போதெல்லாம் எல்லாரும் மாமாவைப் பார்த்துச் சிரித்தார்களாம். கடைசியில் அவர் அம்மாவிடம் வந்திருக்கிறார்.

“ரோசம்மா, ஓம் மககிட்ட சொல்லு. அந்த மேஸ்திரிய மட்டும் சாகடிச்சிர வேணாம்.”

அவ்வளவுதான். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் அழுதேன். அப்பாடா. நிறைந்த கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது.

10 மார்ச், ஞாயிறு
வாக்கெடுப்பு. இந்த முறை வாய் திறந்தேன். நடந்ததை எழுதி, நம் கதைக்கு ஆசைப்படுகிறவர்கள் குழுவுக்கு வெளியேயும் இருக்கிறார்கள், பூட்டி வைத்தால் அவர்கள் எப்படி வருவார்கள் என்று கேட்டேன். ஹில்மியே தளத்துக்கு மாறிவிட்டார். இருபத்தேழுக்குப் பதின்மூன்று.

17 மார்ச், ஞாயிறு
பதினைந்தாம் பாகத்தைத் தளத்தில் போட்டேன், என் புனைபெயரில். லிங்கை விஜயகலா அக்காவுக்கு மட்டும் அனுப்பினேன்.

மாலையில் கொழுந்து குரூப்பில் மாமாவின் செய்தி: “நாளை 9ஆம் நம்பர் மலை. நேரத்துக்கு வரவும்.” அதற்குக் கீழே, அவரே போட்ட அந்த லிங்க். அதற்கும் கீழே: “மேஸ்திரி உயிரோட இருக்காரு.”