வட்டத்துக்குள் ஒரு புள்ளி

பிப்ரவரி 6, 1996

லாம்பேரின் வாயை யாராவது தைத்துவிட்டால் தேவலை.

இன்று துப்பாக்கிச் சேகரிப்பாளர் சங்கத்தில் மூன்று சிறிய ஊசிகளை மேசைமேல் வைத்தான். கைத்துப்பாக்கிக்குள் இருந்து தோட்டாவைத் தட்டும் ஊசிகள். எங்கள் எர்ஸ்தால் ஊர்த் துப்பாக்கி ஆலை போரில் ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது செய்தவை. மூன்றிலும் 217 என்ற எண். பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு புள்ளி. அந்தக் குறி யாருடையது என்று இதுவரை ஒருவருக்கும் தெரியாது.

"217 எங்கப்பா யூபேரோட ஆள் நம்பர்," என்று அவருடைய பித்தளை வில்லையை மேசையில் தட்டினான். "மூணும் வேணும்னே கெடுத்த ஊசி. கொஞ்சம் சுட்டதும் முனை ஒடிஞ்சிடும். அந்தப் புள்ளியும் அவர் போட்டதுதான். கூட்டாளிங்களுக்குச் சைகை."

யூபேரை 43இல் பிடித்துப் போனார்கள். திரும்பவில்லை. சங்கம் எழுந்து கைதட்டியது. அருங்காட்சியகத்தில் தனிக் கண்ணாடிப் பெட்டியாம்.

தொழிலாளி தன் எண்ணைத்தான் அடிப்பான், மற்ற முத்திரையெல்லாம் உருப்படியைச் சோதிக்கும் ஆய்வாளர் அடிப்பது என்றேன்.

"ஆய்வாளரா? உங்கப்பன் செர்வே மாதிரி ஜெர்மன்காரன் சோத்தைத் தின்னவனா?" என்றான்.

எல்லோரும் அவரவர் பியர் கோப்பையைப் பார்த்தார்கள்.

பிப்ரவரி 7

ஏழு வயதில் பள்ளியில் கேட்ட அதே வார்த்தை. ஐம்பத்தெட்டிலுமா? விடமாட்டேன்.

பிப்ரவரி 18

தம்பி அர்மானின் தோட்டக் கொட்டகை. அப்பாவின் கொடி வெட்டும் கத்தி. அலகின் அடியில் — வட்டம், உள்ளே புள்ளி. தன் ஆலை முத்திரையைத் தன் கத்தியிலும் அடித்திருக்கிறார்! பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வட்டத்தின் வலப்பக்கம் ஒரு சிறு வெட்டு. சங்கத்தில் பார்த்த லாம்பேரின் ஊசிகளிலும் அதே இடத்தில் அதே வெட்டு. ஒரே உளி.

அப்படியானால்? கெட்ட ஊசி என்று தெரிந்தே அப்பா முத்திரை வைத்துத் தேற்றி அனுப்பியிருக்கிறார். யூபேருக்கு உடந்தை!

பிப்ரவரி 20

கத்தியை லாம்பேரின் மூக்குக்கு நேரே நீட்டினேன். பூதக்கண்ணாடி கைக்குக் கை மாறியது. சங்கத் தலைவர் என் கையைப் பிடித்து, "உங்கப்பாவை இத்தனை வருஷம் தப்பாப் பேசிட்டோம், ஒதில்," என்றார். பெட்டியில் இனி இரண்டு பெயர்கள் வருமாம்.

லாம்பேர் கோட்டை எடுத்துக்கொண்டு போனான். வாசலில் என்னை இடித்துவிட்டுப் போனான். இடிக்கட்டும். பெக்கே சாராயம் இரண்டு கிளாஸ் குடித்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

ஆற்றங்கரைச் சந்தை. பழைய இரும்பு விற்கிறவன் என்னைக் கண்டதும் ஒரு டப்பாவை நீட்டினான்.

"இதுலதான் அந்தத் தடியன் மூணு உருவிட்டுப் போனான். மிச்சத்தை நீங்க எடுத்துக்கறீங்களா?"

கம்பியில் கோத்த ஊசிகள். எல்லாம் 217. எல்லாவற்றிலும் அப்பாவின் புள்ளி. கம்பி நுனியில் ஈய வில்லை. வில்லையில் ஜெர்மன் கழுகு.

வீட்டில் அரத்தை முனையில் வைத்து இழுத்தேன். வழுக்கியது. பதம் மீறிக் கடினமான இரும்பு, தட்டத் தட்ட ஒடியும்.

தேறிய ஊசி துப்பாக்கிக்குள் போயிருக்கும். இவை போகவில்லை. ஒரே ஆளுடைய ஊசிகளாகப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் 'நான் கண்டுபிடித்தேன்' என்று தன் முத்திரை வைத்து — கோத்து — மேலே கொடுத்திருக்கிறார். அவர்கள் ஈயம் வைத்துச் சாட்சியாக வாங்கிக்கொண்டார்கள்.

ஐயோ அப்பா. என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?

மார்ச் 11

அர்மான் வந்தான். பார்த்தான். "மியூஸ் ஆத்துல தூக்கிப் போடு. இப்பத்தான் ஊர்ல நிமிர்ந்து நடக்கறோம்."

"என்னால முடியாது."

"அப்ப எனக்கு அக்கா இல்லன்னு நினைச்சுக்கறேன்," என்றான். கத்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் 14

லாம்பேரின் வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. கதவிடுக்கிலேயே கம்பியைக் கொடுத்தேன், சொன்னேன். ஈயத்தைப் பார்த்தான். கழுகைப் பார்த்தான். அடிப்பான் என்றே நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

ஓர் ஊசியை விரலால் தடவிக்கொண்டே, "உனக்குத்தான் இரும்பு தெரியுமே. எங்கப்பா நல்லாக் கெடுத்திருக்காரா?" என்றான்.

"ரொம்ப நல்லா. அளவெல்லாம் கச்சிதம். பார்வைக்கு ஒண்ணும் தெரியாது. சாதாரணக் கண்ணுக்கு மாட்டாது."

"உங்கப்பன் கண்ணுக்கு மாட்டிடுச்சு."

"ஆமாம்."

"போ. இனி இந்தத் தெருவுல வராதே."

மே 8

கண்ணாடிப் பெட்டி திறப்பு. முத்திரை பற்றிய அட்டையை எழுத என்னைவிட்டால் ஆளில்லை என்பதால் கூப்பிட்டிருந்தார்கள். 'செர்வே, ஆய்வாளர். யூபேரைக் காட்டிக் கொடுத்தவர். இது அவருடைய முத்திரை' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். போய்ப் பார்த்தால், 'ஆய்வாளர் முத்திரை' என்று மட்டும் இருந்தது.

பெயரை யார் வெட்டியது என்று தலைவரிடம் கேட்டேன். லாம்பேரைக் கை காட்டினார். இரக்கப்பட்டிருக்கிறான் என்று ஒரு கணம் நினைத்து, பக்கத்தில் போய் நின்றேன்.

அவன் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இது எங்கப்பா பெட்டி," என்றான். "இதுல உங்கப்பன் பேருக்கு இடம் கிடையாது."