கிணறு கேட்டுவிட்டுத்தான் ஊன்றினேன்

மாப்ள,

இன்று காலை வண்டியிலிருந்து தார்க்கட்டைகளை இறக்கினேன். ரயில்பாதையில் கிடந்து ஓய்வுபெற்ற அதே பழைய கட்டைகள்தான். கிரேனின் நான்கு இரும்புக் கால்களும் மண்ணில் புதையாமலிருக்க அடியில் போடுவோமே, அவை. வெயில் ஏறியதும் தார் வாசனை கிளம்பியது. அதோடு உன் குரலும் வந்துவிட்டது.

“ஏலே, கெணறு கேட்டியா?”

செத்தும் விடமாட்டாய் போல. மார்வலி என்று வீட்டில் உட்கார்ந்தவன் அப்படியே போய்விட்டாய். அதற்குப் பிறகு ஒரு மழைக்காலமும் வந்து போய்விட்டது. சுமை தூக்கும்போது கீழே நின்று கைகாட்ட இப்போது செல்வம் வருகிறான். நல்ல பயல்தான். ஆனால் உன்னைப்போல என்னைத் திட்டுவதற்கு அவனுக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அதனால் நானே என்னைத் திட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரு சேதி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். பொறு, வரிசையாகச் சொல்கிறேன்.

கிணறு கேட்கிற வழக்கம் நமக்கு எங்கே வந்தது என்று நினைவிருக்கிறதா? ராஜபாளையத்தில் அந்த நூல் மில் முற்றம். எந்திரப் பெட்டி ஒன்றைத் தூக்கித் திருப்பிக்கொண்டிருந்தேன். தரை சிமெண்டு போட்டதுபோல இறுகிக் கிடந்தது. கேபினிலிருந்து பார்த்த எனக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. நீ மட்டும் திடீரென்று கைவிரல்களை மடக்கி முஷ்டியை உயர்த்தினாய். ‘நிறுத்து’ என்ற சைகை. ஏன், எதற்கு என்று கேட்காமல் பெட்டியை இறக்கினேன். இறங்கி வந்து பார்த்தால், பின்பக்கக் காலுக்கு அடியில் போட்ட கட்டை ஒரு பக்கமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பியிருந்தால் வண்டியும் நானும் பெட்டிமேல் படுத்திருப்போம். பொறவுதான் வாட்ச்மேன் சாவகாசமாக வந்து சொன்னார், அங்கே முன்பு மாந்தோப்பு இருந்ததாம், தோப்புக்கு ஒரு கிணறும் இருந்ததாம்.

நீ அன்றைக்குச் சொன்னதை நான் இன்றுவரை பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன். “கெணத்தோட வாயத்தானலே மூடிருக்கானுவ, வயித்த மூடல.”

உண்மைதானே? நம் பக்கத்தில் வெள்ளாமைக் காடாக இருந்ததெல்லாம் இப்போது மில், மண்டபம், பள்ளிக்கூடம். காட்டுக்கொரு கிணறு இருந்தது. மழை குறைந்ததும் குப்பையையும் கல்லையும் கொட்டித் தூர்த்துவிட்டு, மேலே மண்ணை அடித்து, தரை என்று பேர் வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து நீ எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் வண்டியைப் பார்க்கமாட்டாய். டீக்கடைக்குப் போவாய். ஆடு மேய்க்கிறவரை நிறுத்துவாய். “இங்கன கெணறு கெடந்துச்சா?” என்று பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி ஊர் முழுக்க விசாரிப்பாய். சந்தேகம் தீராவிட்டால் கடப்பாரையால் தரையைக் குத்திப் பார்ப்பாய். அதற்குப் பிறகுதான் மற்றது. பழைய வேட்டித் துணியால் இரும்புக் கயிற்றை நீளத்துக்கும் துடைத்து, எங்காவது நூல் மாட்டுகிறதா என்று பார்ப்பாய். நூல் மாட்டினால் அங்கே ஒரு கம்பி அறுந்திருக்கிறது. கொக்கியின் தாழ்ப்பாளைத் தட்டுவாய். இவ்வளவையும் முடித்துவிட்டு ஒரு கை காரச்சேவு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து, அங்கேயே மடவார் வளாகத்தில் வளர்ந்து, பால்கோவாவைத் தொடாத ஒரே ஜீவன் நீதான்.

சேதிக்கு வருகிறேன். உன் மாமியார் ஊர் ஓடைக்குப் பாலம் வந்துவிட்டது மாப்ள.

மழை பெய்தால் அந்த ஊர்ப் பெண்கள் தளவாய்புரத்துக்குத் தையல் வேலைக்குப் போக முடியாது. போனால் இடுப்பளவு தண்ணீரில் சோற்றுச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். உன் வீட்டுக்காரியும் கல்யாணத்துக்கு முன்னால் அப்படி இறங்கிப் போனவள்தான். அதனால்தான் அந்த ஓடையைப் பார்த்தாலே உனக்குக் கோபம் வரும். “பாலம்னு ஒண்ணு வந்தா நம்ம வண்டிதான் தூக்கணும். வேற எவனாச்சும் தூக்கினான்னா நான் மாமியா வீட்டுப் பக்கமே போமாட்டேன்” என்பாய். போகாமலிருக்க நீ தேடிய சாக்கு என்றுதான் நான் கேலி செய்தேன். ஆனாலும் இரும்பு நடைபாலம் தயாராகிறது என்று கேள்விப்பட்ட அன்றே ஒப்பந்தக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றேன். இந்த வேலையை வேறு ஆளிடம் விட எனக்கு மனம் வரவில்லை. வாங்கிவிட்டேன்.

இன்று ஊரே கரையில் நின்றது. வாழைமரம் கட்டி, ரேடியோ செட்டு வைத்து, சர்க்கரைப் பொங்கல் கிண்டி வைத்திருந்தார்கள். நல்ல நேரம் முடிவதற்குள் பாலம் உட்கார வேண்டும் என்று பேச்சு. கயிறு துடைத்தேன், கொக்கி பார்த்தேன், எண்ணெய்க் குழாய்கள் பார்த்தேன். கரை சரளை அடித்துக் கெட்டியாக இருந்தது. டீக்கடையில் கிணறு கேட்டேன். கடைக்காரர் புதுசு, தெரியவில்லை. கரையில் நின்ற ஆண்களிடம் கேட்டேன். “அதெல்லாம் ஒண்ணும் கெடையாது, நீரு தூக்கும்” என்றார்கள். செல்வம் கட்டையைக்கூடப் போட்டுவிட்டான். எனக்கு மட்டும் கால் இறக்கக் கை வரவில்லை.

அப்போதுதான் பெண்கள் கூட்டத்தில் உன் வீட்டுக்காரியைப் பார்த்தேன். பிறந்த ஊர்ப் பாலம் என்று வந்திருக்கிறாள். நேரே போய், “தங்கச்சி, இங்கன கெணறு கெடந்துச்சா?” என்றேன்.

கேட்டதும் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. உன் கேள்வி அல்லவா? பிறகு வண்டியின் இடது முன்காலைப் பார்த்தாள்.

“அண்ணே, அங்கன பக்கத்துலதான் எங்க பெரியப்பா பம்புசெட்டு ரூமு. கெணறு அதுக்குக் கெழக்க, இப்ப கட்டை போட்டிருக்க எடத்துல. நான் சின்னப் பிள்ளையா இருக்கயில தூத்தாவ. அவிய இருந்தா இந்நேரம் கடப்பாரையத் தூக்கிருப்பாவ.”

கடப்பாரையைத் தூக்கினேன். சரளையில் டங்கென்று நின்றது. இரண்டு குத்து, மூன்று குத்து. அதற்குப் பிறகு வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. செல்வத்தின் முகத்தில் ரத்தம் இல்லை. பாலத்தோடு அந்தக் கரையில் நாங்கள் சாய்ந்திருந்தால், பொங்கலைச் சுற்றி நின்ற பிள்ளைகள் மேல்தான் சாய்ந்திருப்போம்.

பாலத்து வேலையைப் பார்க்க ஒரு இஞ்சினியர் பொண்ணு வந்திருந்தாள்; அவள் ஒரு வார்த்தை வீணாக்கவில்லை. மேற்கே பாறை தெரிகிற இடத்துக்கு வண்டியை மாற்றச் சொன்னாள். அங்கிருந்து பாலம் எவ்வளவு தூரம், அந்தத் தூரத்தில் நம் வண்டி எவ்வளவு தாங்கும் என்று அட்டவணையை விரித்துத் திரும்பப் பார்த்தாள். தாங்கும். ஆனால் வண்டியை எடுத்து, சுற்றிக் கொண்டுபோய், திரும்பக் கால் ஊன்ற நேரமாகும்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் குதித்தார். “நல்ல நேரம் போயிருமே! பொறவு ராகு காலம்லா! இம்புட்டு நேரம் நின்ன வண்டி செத்த நேரம் நிக்காதோ?”

என் கோபம் உனக்குத் தெரியும். “நிக்கும் பெரியவரே. கெணத்துக்குள்ள போயி நிக்கும். நீங்க வேணா நல்ல நேரத்துல அதுக்கு மாலை போடுங்க” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

பாறைமேல் கட்டை போட்டு, நான்கு கால்களையும் ஊன்றி, மட்டம் பார்த்தோம். பிள்ளைகளையெல்லாம் கயிறு கட்டி அப்பால் நிறுத்தினோம். பாலத்தை ஒரு சாண் தூக்கி அப்படியே நிறுத்தினேன். நீ வைத்த பழக்கம்தான் அதுவும். ஒரு சாண் உயரத்தில் தெரியாத கோளாறு ஒரு பனை உயரத்தில் தெரிந்து என்ன புண்ணியம் என்பாயே. ரேடியோவைக்கூட நிறுத்திவிட்டார்கள். கால்கள் அசையவில்லை. கயிறு முனகவில்லை. செல்வம் கட்டைவிரலை உயர்த்தினான். தூக்கினேன் மாப்ள! நம் மஞ்சள் வண்டி அந்த இரும்புப் பாலத்தைத் தொட்டில்பிள்ளை போல ஏந்தி, ஓடைக்கு மேலே திருப்பி, இரண்டு கரைத் தூண்களிலும் ஒரே சமயத்தில் உட்கார வைத்தது. நட்ட நடு ராகு காலத்தில்! எழுந்த குலவைச் சத்தத்தில் இஞ்சின் சத்தமே எனக்குக் கேட்கவில்லை. அந்தப் பெரியவரே பிறகு போகிறவர் வருகிறவரிடமெல்லாம், “நாந்தான் அவசரப்படாதீயன்னு சொன்னேன்” என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். போகட்டும், பொங்கல் நிறைய வைத்தார்.

போல்ட்டுகளை முடுக்கி, கொக்கியைக் கழற்றி, இஞ்சினியர் பொண்ணு நடந்து பார்த்துவிட்டுச் சரி என்ற பிறகு, முதலில் யார் நடப்பது என்று பேச்சு வந்தது. தையல் வேலைக்குப் போகிற பெண்கள் எல்லாரும் சேர்ந்து உன் வீட்டுக்காரியைத் தள்ளிவிட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். நடுப்பாலத்தில் நின்றாள். கீழே ஓடையைப் பார்த்தாள். பிறகு கேபின் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துப் பிடித்தாள்.

சுமையைப் பத்திரமாக வைத்தாயிற்று, வேலை முடிந்தது, இனி எதையும் அசைக்காதே என்று நீ காட்டுகிற கடைசிச் சைகை. ஓட்டுக் கேட்டு வந்தவன் மாதிரி நிற்கிறாயே என்று எத்தனை முறை சிரித்திருக்கிறேன். வீட்டிலும் காட்டியிருக்கிறாய் போல, படவா.

நான் சிரிக்கவில்லை. அழுதேன். கேபினில் உட்கார்ந்தபடியே நானும் கைகளைக் கோத்துக் காட்டினேன்.

அவளுக்குப் பின்னால் பெண்கள் எல்லாரும், கால் நனையாமல், ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே கடந்தார்கள். அந்தச் சத்தம் அடங்கும் வரை நான் இறங்கவில்லை.

கட்டைகளை ஏற்றிக் கட்டிவிட்டேன். நாளைக்கு உன் மடவார் வளாகத்துப் பக்கம் ஒரு தண்ணீர்த்தொட்டி ஏற்ற வேண்டும். இந்தக் கடிதத்தை முடித்துவிட்டு அங்கேதான் போகிறேன், கிணறு கேட்க. உன்னைத் தெரியாதவர்கள் அங்கே யார் இருக்கிறார்கள்? நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் கிணறு கிடந்த இடத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள்.