கடற்கன்னியின் முதுகைப் பார்த்துவிட்டுப் போன மச்சாளுக்கு

என் பெரிய மச்சாளுக்கு, அன்போடும் கோபத்தோடும்,

உங்கள் ஆண்டுத் திவசம் முடிந்த கையோடு உங்கள் மகள் கலா ரொறன்ரோவிலிருந்து டென்மார்க்கில், பிராண்டேயில் இருக்கிற என் வீட்டுக்கு வந்திருக்கிறாள். வந்ததும் வராததுமாய், "மாமி, கொப்பன்ஹேகனில என்ன பார்க்கலாம்?" என்றாள். எனக்குப் பழைய நெருப்பு பற்றிக்கொண்டது.

நீங்கள் மறந்திருப்பீர்கள். நான் மறப்பேனா? நீங்கள் வந்தபோது கொப்பன்ஹேகன் பார்க்க விடியவே வெளிக்கிட்டோம். வழியில் ஓடென்சவில் உங்கள் சித்தப்பா மகன் வீட்டில் தோசை. கொப்பன்ஹேகனில் பூமணி வீட்டில் புட்டும் ஆட்டிறைச்சியும். சொந்தக்காரர் வாசலைத் தாண்டிப் போனால் குறை சொல்லுவார்கள் என்று இறங்க வைத்தது நீங்கள்தான். ஊரைச் சுற்றிக் காட்டுகிற கடைசிப் படகுதான் கிடைத்தது. படகிலிருந்து பார்த்தால் கடற்கன்னிச் சிலையின் முதுகுதான் தெரியும்.

"இந்த முதுகைக் காட்டவோ என்னை இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தனீ?" என்று எல்லாரும் திரும்பிப் பார்க்கக் கேட்டீர்கள். பிறகு கல்யாண வீடு, செத்த வீடு என்று பாராமல், டென்மார்க்கில் பார்க்க ஒன்றுமில்லை, காட்டத் தெரிந்த ஆளுமில்லை என்று ரொறன்ரோ முழுக்கச் சொன்னீர்கள்.

உங்கள் மகளுக்காவது அந்த முகத்தைக் காட்டி என் பெயரை மீட்காமல் விடுவேனா? இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு காரிலேயே சாப்பிட்டோம். ஒருத்தருக்கும் சொல்லவில்லை. பூமணியின் தெருவைக் கடக்கையில் சால்வையால் தலையை மூடிக்கொண்டேன்.

"அம்மா, அவ என்ன பொலிசோ?" என்றான் வண்டி ஓட்டிய என் மகன்.

"பொலிசெண்டால் தண்டம் எழுதிப்போட்டு விட்டிடும். இவ சாப்பிட வைக்காமல் விடமாட்டா."

கொப்பன்ஹேகன் போகிற மற்றவர்களும் கேட்டுக்கொள்ளட்டும். வட்டக் கோபுரத்தில் ஏறுங்கள். முக்கால்வாசியும் சரிவுப் பாதை, முழங்கால் திட்டாது. நிறநிறமான வீடுகள் நிற்கும் நிஹவ்னில் படம் எடுங்கள், தேத்தண்ணியை மட்டும் வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுபோங்கள். படகில் பாலம் வந்தால் தலையைக் குனியுங்கள். கடற்கன்னியிடம் நடந்தே போங்கள். முகம் கரைப்பக்கம்தான் இருக்கிறது.

நாங்களும் நடந்தே போனோம். கலா சிலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி சிலையைப் பார்த்தாள்.

"அம்மா சரியாத்தான் சொன்னவ, மாமி."

"என்னவாம்? பார்க்க ஒண்டுமில்லையாமோ?"

"இல்லை. சிலைக்கு அப்பிடியே உங்கட முகமாம். ஆரோ எப்பவோ சொன்னதை இன்னும் மறக்காத முகமாம்."

என் மகன் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற சீனாக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். நானும் உற்றுப் பார்த்தேன். என்ன சொல்ல, நானேதான்.

ஆனால் மச்சாள், நீங்கள் கண்டது முதுகை மட்டும்தானே? படகில் எனக்கு எதிரேதான் இருந்தீர்கள். அவ்வளவு நேரமும் யாருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?

சிலைக்குப் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்திருக்கிறேன். சிரிக்கவில்லை. அதைப் பெரிதாக்கிக் கலாவிடம் கொடுத்துவிடுவேன். உங்கள் வீட்டில் மாலை போட்டிருக்கும் உங்கள் படத்துக்கு நேரெதிரே மாட்டச் சொல்லுவேன். இனி ஆறுதலாகப் பார்த்துக்கொண்டிருங்கள்.

கோபம் ஆறாத,
உங்கள் தம்பி பெண்சாதி