சம்பந்தி வீட்டார் கப்பல் ஏறும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், படுத்தால் தூங்கிவிடுகிறேன், காலையில் எழுந்து தையல் மெஷினில் உட்காருகிறேன். இதற்கு நலம் என்று பெயர் என்றால் நலம்தான். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள், குட்டிக்கு இருமல் விட்டதா? உன் மாமாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, நடக்கச் சொன்னால் டாக்டரையே முறைக்கிறானாம். பள்ளிக்கூடத்திலிருந்து நூற்றிருபது சீருடை தைக்கச் சொல்லி வந்திருக்கிறது, காலர் மட்டும் பாக்கி. போன வாரம் மாடித் தொட்டி மோட்டார் நின்றுபோய், அடுக்குமாடி செக்ரட்டரி வழக்கம்போல நம் வீட்டு மணியை அடித்து, "சார் இருக்காரா?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் அவருக்கே நினைவு வந்தது, முகம் வெளுத்துப்போய் "மன்னிச்சுக்கோங்கம்மா, பழக்க தோஷம்" என்றார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்பாவின் டைரியைப் புரட்டி வேறொரு பம்பு மெக்கானிக்கின் நம்பரை எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பேசினார். "அத்தை, அப்பாவும் அம்மாவும் அடுத்த மாசம் நீங்களும் மாமாவும் போன அதே கப்பலுக்கு டிக்கெட் போட்டிருந்தாங்க, இப்பப் போறதா வேண்டாமான்னு முழிக்கிறாங்க, அங்க என்ன எப்படின்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா நல்லது" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பின்னால் நீ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது, குழாயை இவ்வளவு நேரம் யாரும் திறந்து வைக்க மாட்டார்கள். அவரிடம் எழுதித் தருகிறேன் என்றேன். எழுதுவது உனக்குத்தான். அந்தப் போட்டோ வந்த நாளிலிருந்து நீ என்னோடு பேசிப் பத்தொன்பது நாள் ஆகிறது. போட்டோவுக்கும் வருகிறேன், முதலில் கப்பல்.

தாராளமாகப் போகச் சொல். ஏறும்போது கப்பலில் ஏறுகிறோம் என்றே தோன்றாது, பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழைவது போலத்தான் இருக்கும், லிஃப்ட், நீள வராந்தா, வரிசையாகக் கதவுகள். கழுத்தில் மாட்ட ஒரு கார்டு கொடுப்பார்கள், அறைக் கதவு திறப்பதற்கும் கரையில் இறங்கி ஏறுவதற்கும் அதுதான், சம்பந்தியம்மா கைப்பைக்குள் போட்டுவிட்டுத் தேட வேண்டாம் என்று சொல். முதல் நாள் சாயங்காலம் எல்லோரையும் கூட்டி வைத்து, ஆபத்து வந்தால் எங்கே நிற்பது, மிதவைச் சட்டையை எப்படி மாட்டுவது என்று சொல்லிக் கொடுப்பார்கள், அப்பா அதைப் பின்பக்கம் முன்பக்கமாக மாட்டிக்கொண்டு நின்றார். குளிர் எலும்பு வரைக்கும் போகும், காலுறையும் கம்பளிச் சட்டையும் கட்டாயம் வேண்டும். தலை சுற்றினால் பச்சை ஆப்பிள் கொடுப்பார்கள், கேட்டால் சிரிக்க மாட்டார்கள். கால் அடியில் இன்ஜின் அதிர்வு இருந்துகொண்டே இருக்கும், இரண்டாம் நாள் பழகிவிடும், இறங்கிய பிறகுதான் தரை ஆடுவது போலிருக்கும். டிக்கெட்டிலேயே எல்லாம் அடக்கம் என்று சொல்வது உண்மைதான், சாப்பாடு, காபி, ஜூஸ், ஆட்டம் பாட்டம் எல்லாம் கேட்டபோது கேட்டபடி கிடைக்கும். துணி இஸ்திரி போடுவதும் டாக்டரும் மட்டும் அடக்கமில்லை, அதனால் காப்பீடு எடுக்காமல் ஏற வேண்டாம், சாப்பிடும் மாத்திரைகளின் பெயரைச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைக்கட்டும். முதல் நாள் அப்பா தட்டை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைகளை ஒரு முழுச் சுற்று சுற்றி, வெறும் தட்டோடு திரும்பி வந்தார். "இத்தனையையும் பாத்ததும் பசி பயந்து ஓடிப்போச்சுடி" என்றார். அப்புறம் ஐஸ்கிரீம் மட்டும் மூன்று சாப்பிட்டார்.

அறை சின்னதுதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். படுக்கை விரிப்பில் இரட்டைத் தையல் போட்டிருந்தது, ஓரத்தில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. அறையைச் சுத்தம் செய்ய வந்தவள் நாற்பது வயது மதிக்கத்தக்கவள், நம் பாஷைதான், துண்டை மடித்து யானை, முயல், நண்டு என்று தினம் ஒன்று செய்து கட்டிலில் வைப்பாள், அப்பா அவளுக்குத் துண்டுக்காரம்மா என்றே பெயர் வைத்துவிட்டார். இரண்டாம் நாள் கழிவறையில் தண்ணீர் உறிஞ்சவில்லை என்று கப்பல் பிளம்பர் வந்தார். அப்பா அந்த ஆளோடு தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து டார்ச் பிடித்தார். கப்பல் முழுவதும் காற்றால்தான் உறிஞ்சுகிறதாம், தண்ணீர் ஒரு குவளைகூடச் செலவில்லையாம். "நாப்பது வருஷமா நான் பாத்த பம்பெல்லாம் இதுக்கு முன்னாடி பொம்மை" என்று மத்தியானம் முழுவதும் அதே பேச்சு. தரையிலிருந்து எழுந்தபோதே வேட்டைக்குப் போய் வந்தவர் மாதிரி முகம். உன் கல்யாணத்துக்குப் பிறகு நான் அப்படிப் பார்த்ததில்லை. டிக்கெட் வாங்கிக் கொடுத்ததே நான்தானே என்று நீ அழுதாயே, அந்த முகத்தை நீதான் வாங்கிக் கொடுத்தாய். இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் சாப்பிட்டு வந்து, "கொஞ்சம் சாயறேன், நாலு மணிக்கு எழுப்பு" என்று படுத்தார். நான் மேல்தளத்துக்கு டீ குடிக்கப் போனேன். ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் அம்மா ஒருத்தி பேச்சுக் கொடுத்தாள், இன்னொரு கோப்பை ஊற்றினார்கள், அதையும் குடித்தேன். நாலேகாலுக்கு வந்து எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை. அறைப் போனில் மூன்று எண் அழுத்தினேன், ஐந்து நிமிடத்துக்குள் நாலு பேர் மருந்துப் பெட்டியோடு ஓடி வந்தார்கள். ஒலிபெருக்கியில் ஏதோ ஒரு வார்த்தையை மூன்று தடவை சொன்னார்கள், அது எங்கள் அறைக்குத்தான் என்று வேறு யாருக்கும் தெரியாது, சொல்லி முடித்ததும் பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. டாக்டர் இருபது நிமிடம் பார்த்தார். தூக்கத்திலேயே போயிருக்கிறார், போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்றார். அந்தக் கணக்கில் என் இரண்டாவது கோப்பைக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. அதனால் சம்பந்தியிடமும் சொல், ஒருவர் தூங்கினால் மற்றவர் டீ குடிக்கப் போகட்டும், அதில் ஒரு தப்பும் கிடையாது.

கப்பலின் அடித்தளத்தில் அதற்கென்று ஒரு குளிர் அறை இருக்கிறது, நாலைந்து பேருக்கு இடம் உண்டு. வராந்தாவைக் காலி செய்துவிட்டு வேலைக்காரர்கள் போகும் லிஃப்டில் கொண்டு போனார்கள். பிறகு நீலக் கோட்டு போட்ட ஓர் அதிகாரி, உன் வயதுதான் இருக்கும், முழங்கால் இடிக்க என் எதிரில் உட்கார்ந்து இரண்டு வழி சொன்னாள். நாளைக் காலை ஒரு துறைமுகம் வருகிறது, அங்கேயே அவரை இறக்கலாம், ஆனால் வேற்று நாடு, காகிதமெல்லாம் முடிய பத்து நாளாவது ஆகும், அதுவரை அவர் அங்கே ஏதோ ஒரு கட்டடத்தில், நான் ஒரு ஹோட்டலில். இல்லையென்றால் இன்னும் ஐந்து நாளில் ஏறிய துறைமுகத்துக்கே திரும்பிவிடலாம். உன்னைக் கூப்பிட்டேன். "இறங்கிடும்மா, நான் அங்க பறந்து வரேன், அந்தக் கூத்துக் கப்பல்ல ஒரு நிமிஷம் இருக்காதே" என்றாய். நான் வேண்டாம் என்று போனை வைத்தேன். ஏன் என்று அப்போது எனக்கே சொல்லத் தெரியவில்லை, இப்போது யோசித்தால் இவ்வளவுதான்: இறங்கினால் அவரை எந்த வண்டியில் எங்கே கொண்டு போவார்கள் என்று எனக்குத் தெரியாது. கப்பலில் இருந்தால் அவர் கீழே, நான் மேலே. நடுவில் ஐந்து தளம். அது எனக்குத் தெரிந்த தூரம்.

அந்த ஐந்து நாளும் நான் என்ன செய்தேன் என்று நீ கேட்டாய், கேட்ட விதம் வேறு, ஆனால் கேட்டாய். சாப்பிட்டேன். கைப்பிடிச் சுவர் ஓரமாக நடந்தேன். வித்தைக்காரன் ஒருவன் புறாவை மறையவைத்தான், அதைப் பார்த்தேன். பெரிய அறை தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றேன். துண்டுக்காரம்மா கதவருகே நின்று, "அம்மா, ரெண்டு துண்டு வைக்கவா, ஒண்ணு போதுமா?" என்று கேட்டாள். இரண்டே வை என்றேன். அதன் பிறகு அவள் யானை, முயல் எதுவும் செய்யவில்லை, சும்மா மடித்து இரண்டை வைத்துவிட்டுப் போவாள்.

இப்போது போட்டோ. அன்றன்று என்ன நடக்கும் என்று ஒரு தாளை அறைக் கதவுக்கு அடியில் சொருகுவார்கள். ஐந்தாம் நாள் தாளோடு ஒரு சின்ன அட்டையும் இருந்தது, ஏழரை மணி, நாற்பத்தோராம் மேசை, இரண்டு பேர், நல்ல உடையில் வரவும் என்று. வா என்று எழுதியிருந்தது, போனேன். வேறு எதையும் யோசிக்கவில்லை. சூப் வந்தது, குடித்தேன். திடீரென்று விளக்கை மங்கலாக்கிவிட்டு ஆறு பேர் கைதட்டிப் பாடிக்கொண்டே ஒரு கேக்கைக் கொண்டு வந்து வைத்தார்கள். மேலே உன் எழுத்து, அதாவது நீ சொல்லி அவர்கள் எழுதியது, அப்பா அம்மாவுக்கு நாற்பதாவது கல்யாண நாள் வாழ்த்து என்று. நீ மூன்று மாதம் முன்னாலேயே சொல்லி வைத்திருக்கிறாய், நிறுத்த உனக்கும் நினைவில்லை, நீலக் கோட்டுக்காரிக்கும் தெரியாது. உன்மேல் குற்றமில்லை. பரிமாறுகிறவர் ஐயா எங்கே என்று கேட்டார். கீழே இருக்கிறார் என்றேன். வந்துவிடுவார் என்று நினைத்து இரண்டு தட்டு வைத்தார். பக்கத்து மேசைகளில் எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள், ஒரு வயதான மனிதர் எழுந்தே நின்றுவிட்டார். அப்பா செத்துப்போய்விட்டார் என்று நான் சொல்லியிருந்தால் அந்த ஆறு பேரும் மெழுகுவர்த்தியோடு அப்படியே நிற்க வேண்டியிருக்கும். போட்டோக்காரர் சிரியுங்கள் என்றார். சிரித்தேன். எனக்கு அதுதான் சுலபமாக இருந்தது. டிக்கெட் உன் மெயிலில் வாங்கியதால் இனிய நினைவுகள் என்று தலைப்புப் போட்டு அதை உனக்கு அனுப்பிவிட்டார்கள். "அப்பா செத்த ரெண்டாம் நாளு கேக் வெட்டிச் சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கே" என்றாய் நீ. ஆமாம், சிரித்தேன். ஒரு துண்டு சாப்பிடவும் செய்தேன், கேக் நன்றாக இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை.

மிச்சத்தைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். மறுநாள் காலை துண்டுக்காரம்மாவிடம் நீட்டினேன். மேலே எழுதியிருந்ததைப் படித்தாள். பயணிகளின் கட்டிலில் அவர்கள் உட்காரக் கூடாதாம், உட்கார்ந்துவிட்டாள், கேக்கை வாயில் வைத்துக்கொண்டே தேம்பித் தேம்பி அழுதாள். நான் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். ஏப்ரன் தோள்பட்டையில் தையல் விட்டிருந்தது, கழற்றச் சொல்லி, என் கைப்பையில் இருந்த ஊசி நூலால் தைத்துக் கொடுத்தேன். அந்த ஐந்து நாளில் நான் செய்தது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான்.

கடைசி நாள் காலை எல்லோரும் எண் வரிசைப்படி பாட்டோடு இறங்கினார்கள். எனக்கு எண் கொடுக்கவில்லை. கப்பல் காலியான பிறகு நீலக் கோட்டுக்காரி என்னைக் கீழே அழைத்துப் போனாள். காய்கறியும் முட்டையும் ஏற்றும் வாசல் அது, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே. துண்டுக்காரம்மா தன் வேலையைப் போட்டுவிட்டு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்பாவைக் கொண்டு வந்தபோது சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் வண்டியை நிறுத்தித் தலைக்கவசத்தைக் கழற்றினார்கள், அவர்களில் அந்தப் பிளம்பரும் இருந்தார். கழற்றிய கவசத்தை மார்போடு பிடித்துக்கொண்டு, "சார் எங்கிட்ட நெறைய கேள்வி கேட்டாரும்மா, பம்பு ரூமைக் காட்டறேன்னு சொல்லியிருந்தேன்" என்றார். வெளியே உன் மாமா நின்றான், தாங்கிப் பிடிக்க வந்தான், நான் நேராகத்தான் நடந்தேன். விமானம் தாமதமாகி மறுநாள் நீ வந்து சேர்ந்தபோதும் நான் நேராகத்தான் நின்றேன், அதுதான் உனக்குப் பொறுக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

எனக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கே தெரியவில்லை, பாப்பா. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு பல் இருக்கிற இடத்தைத் தொட்டுப் பார்ப்பது போல இருக்கிறது. இது எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை. ஒருநாள் இந்த மரப்பு விடும், விடும்போது வலிக்கும், அன்றைக்கு நான் உனக்குத்தான் போன் செய்வேன், மாமாவுக்கு இல்லை. நீ கோபத்தில் இருந்தாலும் பரவாயில்லை, பேசக்கூட வேண்டாம், எடுத்துக் காதில் வைத்துக்கொள்.

குட்டி நன்றாகச் சாப்பிட்டு உயரட்டும், மாப்பிள்ளைக்கு வேலையில் ஒரு குறையும் வர வேண்டாம், நீ நூறு வயது நிறைவாக இரு. குளிர்காலம் தொடங்குகிறது, தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. சம்பந்தியம்மாவிடம் காலுறையை மறக்க வேண்டாம் என்று சொல்.

என்றும் உன்,
அம்மா